மண் வேண்டாம் சாமி!

மாடியில் மண்ணில்லாமல் கீரை வளர்ப்பதென்று முடிவானது. மண் அழுக்காம். சரி, பதிலுக்கு என்ன?

ராக்வூல் என்றார் கடைக்காரர். பசால்ட் பாறையை 1,500 டிகிரிக்கு உருக்கி, பஞ்சுமிட்டாய் போல நூற்பார்களாம். எரிமலை பார்த்த வேலையை ஆலையில் பார்ப்பது, ஒரு கைப்பிடிக் கீரைக்காக! காரத்தன்மை போக, லேசான அமிலத் தண்ணீரில் ஊறவும் வைக்க வேண்டும். பெர்லைட், எரிமலைக் கண்ணாடியில் பொரித்த பொரி. தண்ணீர் விட்டால் மிதக்கும். களிமண் உருண்டை? சூளையில் வெந்த மண். மண் வேண்டாமென்றுதானே கிளம்பினோம்?

கடைசியில் தேங்காய் நார்க்கழிவு. ஒரு காலத்தில் பொள்ளாச்சிப் பக்கம் நார் ஆலை வாசலில் சீந்துவாரின்றி மலையாகக் கிடந்த தூள். இன்று 5 கிலோ கட்டியாகிக் கப்பலேறுகிறது. வாளியில் போட்டேன், ஊதிப் பெருத்து அண்டாவைக் கேட்டது. உப்புப் போக மூன்று அலசல், பிறகு கால்சியம் நைட்ரேட் குளியல். கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட இத்தனை குளியல் கிடையாது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "ஏண்டா, இதுக்கு ரெண்டு சட்டி மண்ணையே அள்ளிட்டு வந்திருக்கலாமே?"

கீரை இன்னும் முளைக்கவில்லை. என் பதிலும்தான்.