பதக்கம் வாங்கிய கத்தி

2024 அக்டோபரில் இயற்பியலுக்கான நோபல் பரிசு ஜான் ஹாப்ஃபீல்டுக்கும் ஜெஃப்ரி ஹின்டனுக்கும் போனது. செயற்கை நரம்பு வலைப்பின்னல்களில் அவர்கள் செய்த வேலைக்காக. ஹாப்ஃபீல்டின் கட்டுரை வெளிவந்தது 1982இல். நாற்பத்திரண்டு வருஷம் ஸ்டாக்ஹோம் பெரியவர்களின் கண்ணில் படாமல் கிடந்த இயற்பியல், சாட்ஜிபிடி வந்த இரண்டே வருஷத்தில் பளிச்சென்று தெரிந்துவிட்டது. பங்குச் சந்தையின் வெளிச்சம் அப்படி. அந்த வெளிச்சத்தில் எலெக்ட்ரானே வெறுங்கண்ணுக்குத் தெரியும்.

ஒரு பரிசை மூன்று பேர்வரை பகிரலாம் என்பது நோபல் விதி. இரண்டு பேரோடு நிறுத்திக்கொண்டார்கள். ஜப்பானின் சுன்-இச்சி அமாரி, நினைவை மீட்டெடுக்கும் வலைப்பின்னலின் கணிதத்தை 1972லேயே எழுதி வெளியிட்டவர். பரிசு அறிவித்த அன்று அவர் உயிரோடுதான் இருந்தார். ஹின்டனோடு சேர்ந்து போல்ட்ஸ்மான் இயந்திரம் என்ற வலைப்பின்னலை உருவாக்கிய டெரன்ஸ் செஜ்னோவ்ஸ்கியும் இருந்தார். இருந்தும் மூன்றாம் நாற்காலி காலி. உட்காரத் தகுதியான ஆள் பூமியில் கிடைக்கவில்லை போலும். ஹின்டனைக் குறை சொல்வதற்கு இதில் ஒன்றுமில்லை. தன்னோடு உழைத்த டேவிட் ரூமல்ஹார்ட்டின் பங்கை அவர் மறைத்தவரல்ல. ரூமல்ஹார்ட்டோ மூளையைத் தின்னும் நோயில் விழுந்து 2011இல் போய்ச் சேர்ந்துவிட்டார். செத்தவர்களுக்கு நோபல் கிடையாது. ஆகவே மேதைகளே, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சியைவிட அது முக்கியம்.

கணினியியலின் உயரிய பரிசான டூரிங் விருதின் கதை இன்னும் ருசி. 2018ஆம் ஆண்டுக்கான விருது ஹின்டன், யான் லெக்குன், யோஷுவா பெஞ்சியோ மூவருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. பரிசுத்தொகை பத்து லட்சம் டாலர், கொடுத்தது கூகுள். ஹின்டன் அப்போது எங்கே வேலை பார்த்தார்? கூகுளில். முதலாளியின் பெட்டியிலிருந்து எடுத்த பணம் மேடை ஏறி, மாலை போட்டுக்கொண்டு, அதே முதலாளியின் சம்பளக்காரர் கைக்குப் போயிற்று. எல்லாம் விதிப்படி, எல்லாம் சுத்தம். நம் ஊரில் இதற்கு வேறு பெயர் வைப்போம். நாம் நாகரிகம் தெரியாதவர்கள்.

அதே டூரிங் விருது 1969இல் மார்வின் மின்ஸ்கிக்குப் போயிருந்தது. அந்த வருஷம்தான் அவரும் சீமோர் பேப்பர்ட்டும் சேர்ந்து, ஒற்றையடுக்கு நரம்பு வலைப்பின்னலால் எதையெல்லாம் செய்ய முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டிய புத்தகம் வந்தது. கணக்கில் பிழையில்லை. ஆனால் அதைப் படித்தவர்கள், படிக்காமலே கேள்விப்பட்டவர்கள், முக்கியமாகப் பணம் ஒதுக்குகிறவர்கள், அந்தத் துறைக்கே கருமாதி செய்துவிட்டார்கள். பெர்செப்ட்ரான் என்ற அந்த ஒற்றையடுக்கு வலைப்பின்னலை 1958இல் உலகுக்குக் காட்டிய ஃபிராங்க் ரோசன்பிளாட், மின்ஸ்கி படித்த அதே நியூயார்க் பள்ளியில் படித்தவர். 1971இல் தன் 43ஆம் பிறந்தநாளன்று படகு விபத்தில் இறந்தார். கேலியை மட்டும் அவர் காதாரக் கேட்டார். அவர் பெயரால் விருது ஒன்று ஏற்படுத்த இன்னும் முப்பது ஆண்டுக்கு மேல் பிடித்தது. அறிஞரைச் சாகவிட்டுச் சிலை எடுப்பதில் நமக்கு மட்டுமே கைராசி என்று நினைத்திருந்தேன்.

இந்த வலைப்பின்னல்களுக்குப் பூனை எது, நாய் எது என்று சொல்லிக் கொடுத்தது யார் என்பதும் ஊரறிந்த செய்திதான். இமேஜ்நெட் என்ற தொகுப்பின் ஒரு கோடியே நாற்பது லட்சம் படங்களை உலகெங்கும் பல ஆயிரம் பேர், அமேசானின் கூலித்தளம் வழியாகச் சில்லறைக் காசுக்கு உட்கார்ந்து வகைபிரித்தார்கள். அந்தத் தளத்தில் அமெரிக்கர்களுக்கு அடுத்தபடி அதிகம் உழைத்தவர்கள் இந்தியர்கள். அவர்களுக்குப் பதக்கம் வேண்டாம், பாவம், வைக்க அலமாரி இருக்காது.

சரி, இதெல்லாம் பணத்தோடும் புகழோடும் போன விஷயம். பரிசால் யாரும் சாகவில்லை. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் 1949இன் நோபல் அப்படியல்ல.

போர்ச்சுகலின் எகாஸ் மோனிஸ் உண்மையிலேயே திறமைசாலி. மூளையின் ரத்தக்குழாய்களை எக்ஸ்ரேயில் தெரியவைக்கும் முறையை 1927இல் கண்டுபிடித்தார். மூளையில் கட்டி இருக்கும் இடத்தை அறுக்காமலே காண வழிசெய்த, எத்தனையோ உயிரைக் காத்த வேலை அது. அதற்காக அவர் பெயர் நோபலுக்குப் பரிந்துரைக்கப்பட்டது, கிடைக்கவில்லை. உயிரைக் காப்பாற்றினால் போதுமா?

1935 நவம்பரில் லிஸ்பனில் வேறொரு வேலையைத் தொடங்கினார். மனநோயாளிகளின் மண்டையோட்டில் துளைபோட்டு, மூளையின் முன்மடலுக்குப் போகும் நரம்பிழைகளை அழிப்பது. முதலில் சாராயத்தை ஊசியால் செலுத்திப் பார்த்தார்கள். அப்புறம் கம்பிவளையம் வைத்த கருவியால் அறுத்தார்கள். வாதநோயால் மோனிசின் கைவிரல்கள் முடங்கியிருந்ததால் அறுத்தது அல்மெய்டா லிமா என்ற இன்னொருவர். முதல் ஆள், மனநல விடுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட 63 வயதுப் பெண். குணமாகிவிட்டாள் என்று அறிவித்தார்கள். குணமானவளைத் திரும்ப அதே விடுதிக்கே அனுப்பினார்கள். இருபது பேரை அறுத்து, ஏழு பேர் குணம், ஏழு பேர் தேறினர், ஆறு பேர் அப்படியே என்று சில மாதத்திலேயே உலகுக்குச் சொல்லிவிட்டார். நோயாளிகளை அனுப்பிவந்த மருத்துவர் சோப்ரால் சிட், இவர்கள் குணமாகவில்லை, மனிதத்தன்மைதான் குறைந்திருக்கிறது என்று கண்டித்து, ஆள் அனுப்புவதை நிறுத்தினார். அவருக்கு யாரும் பதக்கம் தரவில்லை.

அமெரிக்காவில் வால்ட்டர் ஃபிரீமன் இதை வாரி எடுத்துக்கொண்டார். அவர் நரம்பியல் மருத்துவர்; அறுவை சிகிச்சை பயின்றவரல்ல. அதனால் அறுவை செய்ய அவரோடு ஜேம்ஸ் வாட்ஸ் இருந்தார். 1941இல் இருவரும் ரோஸ்மேரி கென்னடியைப் படுக்கவைத்தார்கள். பின்னாளில் ஜனாதிபதியான ஜான் கென்னடியின் தங்கை, வயது 23. சற்று மந்தம், கோபம் வரும், சொல்பேச்சு கேட்கமாட்டாள். குடும்ப கௌரவத்துக்கு ஆபத்து. மயக்க மருந்து முழுதாகக் கொடுக்கவில்லை. அவள் ஜெபம் சொல்லச் சொல்ல, பாட்டுப் பாடப் பாட, எண்களைத் தலைகீழாக எண்ண எண்ண வாட்ஸ் அறுத்துக்கொண்டே போனார். வார்த்தை குழறிய இடத்தில் நிறுத்தினார்கள். அதாவது, போதுமான அளவு வெட்டியாகிவிட்டது என்பதற்கு அவள் வாயே மீட்டர். நடையும் பேச்சும் போயின.

1946இல் ஃபிரீமன் துளைபோடும் வேலையையும் விட்டுவிட்டார். சமையலறையில் ஐஸ் உடைக்கும் ஊசி போன்ற ஒன்றைக் கண்விழிக்கு மேலே வைத்து, சுத்தியலால் தட்டி உள்ளே இறக்கி, அப்படியும் இப்படியும் அசைத்தால் முடிந்தது. பத்து நிமிஷம். மோனிசின் பெயரை நோபலுக்குப் பரிந்துரைத்தவர்களில் இவரும் ஒருவர். தொழிலதிபர் தன் மூலப்பொருளுக்கு முத்திரை வாங்குவது இயற்கைதானே.

முத்திரை 1949இல் கிடைத்தது. சில மனநோய்களுக்கு முன்மடல் அறுவை பயன்தரும் எனக் கண்டறிந்ததற்காக மோனிசுக்கு மருத்துவ நோபல் என்று எழுத்தில் கொடுத்தார்கள். அந்த ஒரே வருஷத்தில் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 5,000 பேருக்கு இது நடந்தது. சோவியத் யூனியன், மனித உரிமைக்குக் கோயில் கட்டிய நாடு ஒன்றும் அல்ல, 1950இல் இதைத் தடை செய்தது. ஸ்டாலினுக்கே கூசிய காரியம் ஸ்டாக்ஹோமுக்குக் கூசவில்லை. ரோஸ்மேரியை விஸ்கான்சினில் ஒரு காப்பகத்துக்கு நிரந்தரமாக அனுப்பியதும் அதே 1949இல்தான். 2005இல் 86 வயதில் இறந்தார். போர்ச்சுகல் தன் பங்குக்கு மோனிசின் முகத்தை 10,000 எஸ்குடோ நோட்டில் அச்சடித்துக் கொண்டாடியது.

பரிசைத் திரும்பப் பெற விதியில் இடமில்லையாம். பாதிக்கப்பட்டவர்களின் குடும்பத்தார் கேட்டபோதும் அதே பதில். விதியை விடுங்கள். 1998இல் நோபல் இணையத்தளத்திலேயே ஒரு கட்டுரை போட்டார்கள். அந்தக் காலத்தில் வேறு வழியில்லை, ஆகவே ஆத்திரப்பட ஒன்றுமில்லை என்கிறது அது. ஆத்திரப்படுவதற்கும் மூளையின் முன்மடல் முழுசாக இருக்க வேண்டும், ஐயா. எங்களுக்கு இருக்கிறது.

பரிசைப் பிடுங்க வேண்டாம், அந்தப் பக்கத்தை அழிக்கவும் வேண்டாம். மோனிசின் பெயருக்குக் கீழே, அறுக்கப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி சேருங்கள். அடுத்த பதக்கத்தை யார் கழுத்தில் மாட்டுவது என்று அப்புறம் கூடிப் பேசலாம்.