மூடலாமா, மொதலாளி?

தொண்ணூறுகளின் நடுவில் பேரையூரில் ஒரு பருத்திக் கமிஷன் கடைக்கு ஃபாக்ஸ்புரோவில் நிரல் ஒன்று எழுதிக் கொடுத்தேன். தன் அதிகாரம் தெரிந்த அலுவலக எழுத்தர் மாதிரிதான் அது நடந்துகொள்ளும். சம்சாரி பெயர்? ஊர்? மூட்டை எத்தனை? எடை? சாக்குக் கழிவு? வரிசை மாறாது. எடையை முதலில் சொல்லிவிடுகிறேன், பெயரை அப்புறம் விசாரித்துச் சொல்கிறேன் என்கிற பேச்சே கிடையாது. 'சே', 'கெட்' என்று கேள்விகளை அடுக்கி, கடைசியில் 'ரீட்' என்று ஒரே ஒரு சொல் எழுதுவோம். அந்த இடத்தில் நிரல் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடும். கட்டத்தோடு 'வேலிட்' என்ற நிபந்தனையைச் சேர்த்துவிட்டால், எடை பூஜ்யம் என்று அடித்தவர் சரியான எண்ணைப் போடும்வரை அந்தக் கட்டத்தை விட்டு நகர முடியாது. எஸ்கேப் சாவியையும் செயலிழக்கச் செய்திருந்தேன்.

கணக்குப்பிள்ளைக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. "கேட்டதுக்குப் பதில் சொன்னாப் போதும் தம்பி, நாமளா ஒண்ணும் யோசிக்க வேண்டாம் பாத்தியா" என்பார். அன்று கணினி என்றால் அதுதான். அது கேட்கும், மனிதன் காத்திருந்து பதில் சொல்வான்.

இப்போது அதே கடைக்கு, பழைய மொதலாளியின் மகன் காலத்தில், என் அக்கா மகன் நிரல் எழுதுகிறான். பைத்தான் மொழி, டிகின்டர் ஜன்னல். முதல் நாள் எழுதிவிட்டு என்னிடம் வந்து கேட்ட கேள்வி: "மாமா, இது எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னே தெரியலையே?"

நியாயமான கேள்வி. பெயர்க் கட்டம், எடைக் கட்டம், 'சீட்டு போடு' பொத்தான் எல்லாவற்றையும் வரைந்துவிட்டு, கடைசி வரியில் 'மெயின்லூப்' என்று எழுதியிருக்கிறான். அந்த வரிக்கு வந்ததும் நிரல் உட்கார்ந்துவிடும். எலி நகர்ந்ததா, சாவி அமுங்கியதா, ஜன்னலின் ஓரத்தை யாராவது பிடித்து இழுத்தார்களா, மேலே இருந்த வேறு ஜன்னல் விலகி நம் ஜன்னல் வெளியே தெரிந்ததா, ஒவ்வொன்றும் ஒரு நிகழ்வு. இயங்குதளம் அவற்றை வரிசையில் போடும். மெயின்லூப் ஒவ்வொன்றாக எடுத்து, இதற்கு யாராவது பெயர் கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்கும். கொடுத்திருந்தால் அந்தச் செயற்கூற்றைக் கூப்பிடும், இல்லையென்றால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கும். வரிசை இனி நிரலன் கையில் இல்லை. எடையை முதலில் அடிப்பவர் அடிக்கலாம், பாதியில் எழுந்து டீ குடிக்கப் போகிறவர் போகலாம். நான் ஃபாக்ஸ்புரோவில் கட்டிக் காத்த ஒழுங்கு மொத்தமும் போச்சு.

பையனுக்கு இது புதிதாகத் தெரிந்ததில் ஒரு வேடிக்கை உண்டு. 2019-இல் வந்த பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூல் பெரும்பாலும் பைத்தான்தான். மாறி, மடக்கு, சரம், எஸ்க்யூஎல் எல்லாம் இருக்கிறது. ஜன்னல் நிகழ்வு என்று ஒரு பாடம் மட்டும் இல்லை. ஆனால் அவன் நிரல் அடித்துப் பழகிய ஐடில் என்ற திருத்தியே டிகின்டரில் எழுதியதுதான். கடைசிப் பாடத்தில் பைபிளாட் வைத்து வரைபடம் போட்டு, 'ஷோ' என்றதும் ஒரு ஜன்னல் வருகிறதே, விண்டோஸ் கணினியில் அது பெரும்பாலும் டிகின்டருக்கு அடியில் இருக்கும் டிகேவின் ஜன்னல்தான். வரைபடத்தை மூடினால்தான் அடுத்த வரி ஓடும், ஏனென்றால் உள்ளே ஒரு மெயின்லூப் உட்கார்ந்திருக்கிறது. வகுப்பில் எல்லாரும் அதை மூடிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறார்கள். ஏன் மூட வேண்டியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பாடம் முடியாது.

டிகேவின் பூர்வீகத்தையும் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் ஓஸ்டர்ஹவுட் என்ற பேராசிரியர், சில்லு வடிவமைக்கும் மென்பொருள்களுக்குள் வைத்துக்கொள்ள வசதியாக 1988-இல் டிக்கிள் என்ற சின்ன ஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கினார். அதற்கு ஜன்னல் வரைய டிகே வந்தது, 1991 வாக்கில். கைடோ வான் ரோசம் பைத்தானின் முதல் பதிப்பை வெளியிட்டதும் 1991. விஷுவல் பேசிக் கடைக்கு வந்ததும் அதே 1991. இந்த மூன்றில் எது நிற்கும் என்று 1998-இல் மதுரையில் எந்தப் பயிற்சி நிலையத்தின் வாசலில் கேட்டிருந்தாலும் "விபி, சந்தேகமென்ன?" என்றிருப்பார்கள். கடன் வாங்கியாவது அதைத்தான் படித்தோம். விபி 6-க்கு மைக்ரோசாஃப்ட் 2008-இல் கைவிரித்தது. விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கு 2015-இல். பேராசிரியர் இலவசமாகக் கொடுத்த டிகேவுக்கு 2024-இல் 9.0 பதிப்பு வந்திருக்கிறது.

மதுரையில் படித்துவிட்டு திருமங்கலம் வழியாகப் பேருந்தில் வரும்போது, சட்டைப் பையில் பிளாப்பி இருக்கும். டி. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமம். 1940-இல் தொடங்கியது, ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்த இடம். கிராமத்துக்கு எந்த இயந்திரம் வேண்டும், எது வேண்டாம் என்று யோசித்தவர் இருந்த ஊரை 1.44 மெகாபைட்டோடு கடந்து போகும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். கமிஷன் கடை எடைச் சீட்டை எந்தப் பக்கம் சேர்த்திருப்பார் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

அக்கா மகனின் முதல் சிக்கல் தராசில் வந்தது. கடையில் இப்போது எலக்ட்ரானிக் தராசு; கம்பி வழியாக எடையை அனுப்பிக்கொண்டே இருக்கும். அவன் ஒரு மடக்கு போட்டு, எடை நிலைக்கும்வரை படித்துக்கொண்டே இரு என்று எழுதிவிட்டான். பிளஸ் டூ புத்தகத்தின்படி முழு மதிப்பெண். பொத்தானை அமுக்கியதும் ஜன்னல் வெளிறிப்போய் 'பதிலளிக்கவில்லை' என்று தலைப்பில் போட்டுக்கொண்டது. மெயின்லூப் வரிசையிலிருந்து ஒரு நிகழ்வை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரக் காத்திருக்கிறது. இவன் திரும்பவே இல்லை. ஜன்னலைத் திரும்ப வரைவதற்கும் அதே மெயின்லூப்தானே வர வேண்டும்? மடக்கை எடுத்துவிட்டு 'ஆஃப்டர்' என்று எழுதச் சொன்னேன். இருநூறு மில்லிநொடி கழித்து என்னை மறுபடி கூப்பிடு, அதுவரை நீ உன் வேலையைப் பார் என்று சொல்லும் ஏற்பாடு அது. ஒவ்வொரு முறையும் தராசை எட்டிப் பார்த்துவிட்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

அடுத்தது எடைக் கட்டம். பழைய நிரலில் வேலிட் இருந்ததைச் சின்ன மொதலாளி நினைவு வைத்திருந்தார். அது வேண்டும் என்றார். பையன் 'ஃபோகஸ் அவுட்' என்ற நிகழ்வைப் பிடித்தான். கட்டத்தை விட்டுக் குறிமுள் வெளியேறும்போது எடை சரியா என்று பார்ப்பது, தப்பென்றால் ஒரு எச்சரிக்கைப் பெட்டி காட்டிவிட்டுக் குறிமுள்ளைத் திரும்ப எடைக் கட்டத்துக்கே கொண்டுவந்து வைப்பது. காட்டினான். திரும்ப வைத்தான். இப்போது ஜன்னலை மூடலாம் என்று ரத்து பொத்தான் பக்கம் போனால், எடைக் கட்டத்தை விட்டு வெளியேறுகிறோம் இல்லையா, உடனே பெட்டி. பெட்டியை மூடினால் மறுபடி எடைக் கட்டம். கணக்குப்பிள்ளையின் வாரிசாக இப்போது அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குத் தப்பிக்க வழியே இல்லை. "அண்ணே, சரியான எடையைப் போட்டாத்தான் வெளிய விடுமாம்" என்று என்னிடம் புகார் வந்தது. நான் முப்பது வருடத்துக்கு முன்னால் எஸ்கேப்பை அடைத்துப் பாடுபட்டுச் செய்ததை, சுதந்திரமான ஜன்னலில் பையன் தானாகவே கொண்டுவந்துவிட்டான். பெட்டியை எடுத்துவிட்டு, தப்பான எடை இருந்தால் கட்டத்தைச் சிவப்பாக்கி, சீட்டுப் பொத்தானை மட்டும் மங்கவைத்தோம்.

பெயர்க் கட்டம் தமிழில். இருபது எழுத்துக்கு மேல் சீட்டில் இடமில்லை என்று ஒவ்வொரு சாவி நிகழ்விலும் நீளத்தை எண்ணினான். 'பேரையூர்' என்று அடித்தால் பைத்தான் எட்டு என்கிறது. நம் கணக்கில் நாலு. ஒற்றைக்கொம்பு, துணைக்கால், புள்ளி எல்லாவற்றையும் யூனிகோடு தனித்தனிக் குறியாக வைத்திருப்பதால் வரும் வினை. இதைச் சரிசெய்ய ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரலகமே இருக்கிறது. தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாக எண்ணித் தரும். லினக்ஸில் டிகேவின் பழைய பதிப்புகளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும் என்பது தனிக் கதை. கடையில் விண்டோஸ் என்பதால் தப்பித்தோம்.

எனக்கு இதிலெல்லாம் பெரிய ஆச்சரியம் இல்லை. ஜன்னலை மூடுவதில்தான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள கூத்தே இருக்கிறது.

மூலையில் உள்ள பெருக்கல் குறியை அமுக்கினால் ஜன்னல் மூடிவிடும் என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு விண்ணப்பம். ஜன்னல் மேலாளர் நிரலிடம் 'டபிள்யூஎம் டெலீட் விண்டோ' என்று செய்தி அனுப்புகிறது: பயனர் மூடச் சொல்கிறார், உத்தரவு உண்டா? நிரலன் அதற்கென்று ஒரு செயற்கூற்றை எழுதி, அதற்குள் ஜன்னலை அழிக்கும் வரியை எழுதாமல் விட்டால் எத்தனை முறை அமுக்கினாலும் அது அசையாது. 'டெஸ்ட்ராய்' என்ற இன்னொரு நிகழ்வு உண்டு. அது விண்ணப்பமல்ல, சாவுச் செய்தி. அது வரும்போது தடுக்க ஒன்றும் இல்லை. பையன் கடைசிச் சேமிப்பை அதில் வைத்தான், கணக்கு பலமுறை எழுதப்பட்டது. முதன்மை ஜன்னலில் கட்டும் நிகழ்வு உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொத்தானுக்கும் கட்டத்துக்கும் சேர்ந்தே வரும். ஒவ்வொன்றும் சாகும்போது ஒருமுறை சொல்லிவிட்டுச் சாகும்.

விபியில் இதை இன்னும் ஜம்பமாகச் செய்திருந்தார்கள். 'கொயரி அன்லோட்' என்ற நிகழ்வில், யார் மூடுகிறார்கள் என்று ஒரு எண்ணையும் தருவார்கள். பயனர் மூடினால் பூஜ்யம், நிரலே மூடினால் ஒன்று, விண்டோஸ் அணைகிறதென்றால் இரண்டு. இத்தனை நுணுக்கம் பார்த்தவர்கள், கரண்டு போனால் என்பதற்கு எண் ஒதுக்கவில்லை. பேரையூரில் ஜன்னல்களை அதிகம் மூடியது அதுதான். தமிழ்நாட்டில் சென்னைக்கு வெளியே 2012-இல் நாளில் பாதி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். யுபிஎஸ் வாங்கினாலும் அதன் பேட்டரி ஏறுவதற்கே கரண்டு இருக்காது. விண்ணப்பம் கிடையாது, சாவுச் செய்தியும் கிடையாது. டாட் மேட்ரிக்ஸ் பாதி வரியில் நிற்கும், அவ்வளவுதான்.

ஃபாக்ஸ்புரோ காலத்திலேயே இதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு சீட்டு முடிந்ததும் 'ஃப்ளஷ்' என்று ஒரு கட்டளை. நினைவகத்தில் கிடப்பதை உடனே வட்டில் எழுதிவிடும். விட்டால், கோப்பின் தலைப்பில் உள்ள பதிவு எண்ணிக்கைக்கும் உள்ளே இருப்பதற்கும் பொருந்தாமல், மறுநாள் காலை 'இது தரவுக் கோப்பே அல்ல' என்று ஃபாக்ஸ்புரோ கை விரிக்கும். பிறகு விபி வந்தது, மூடும்போது கேட்கலாம் என்றார்கள். 'சேமிக்கவா? ஆம், இல்லை, ரத்து.' நாகரிகம் என்று நினைத்தோம். என்னைக் கேட்டால் அது சோம்பேறித்தனம். நிரலன் செய்ய வேண்டிய முடிவைப் பயனர் தலையில் கட்டுவது.

இப்போது என்ன ஆயிற்று? ஆண்ட்ராய்டு போனில், மூடும்போது வரும் கடைசி அழைப்பு வந்தே தீரும் என்று நம்பாதே, திரை பின்னுக்குப் போகும்போதே எழுதிவை என்று நிரலர்களுக்குப் பாடம் சொல்கிறார்கள். நினைவகம் போதாவிட்டால் போன் எந்த நிரலையும் கேட்காமல் கொல்லும். உலாவியிலும் அப்படித்தான். பக்கத்தை மூடும்போது நம் சொந்த வாசகத்தில் கேள்வி கேட்கலாம் என்றிருந்ததை, ஆளாளுக்கு அதை வைத்து மிரட்டியதால் 2016 வாக்கில் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் எடுத்துவிட்டன. உலாவியே எழுதிய ஒரே வாசகம்தான் இனி எல்லாருக்கும். எந்த நொடியிலும் சாவு வரலாம், அதற்கு முன்பே கணக்கை எழுதிவை என்பது இன்று கட்டணம் கட்டிப் படிக்கும் கோட்பாடு. எங்களுக்கு அதைக் கரண்டு இலவசமாகச் சொல்லித் தந்தது.

அதனால் அக்கா மகனிடம் கேள்வியே வேண்டாம் என்றேன். சீட்டு போட்ட மறுநொடி எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் எழுதிவிடு. (அதுவும் டிக்கிளுக்கு ஒரு துணைக்கருவியாகப் பிறந்ததுதான், 2006 முதல் பைத்தானோடு கூடவே வருகிறது.) பாதியில் கரண்டு போனாலும் ஒன்று முழுப் பதிவு இருக்கும், அல்லது இருக்காது, அரைகுறை இருக்காது. பெருக்கல் குறியை அமுக்கினால் சட்டென்று மூடிக்கொள்ளட்டும்.

கொஞ்ச நாளில் சின்ன மொதலாளியிடமிருந்து போன். "என்னண்ணே, மூடுறப்ப ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது? எங்கப்பா காலத்துப் பொட்டியே 'சேவ் பண்ணவா'ன்னு கேக்கும்." எல்லாம் உடனுக்குடன் எழுதியாகிறது மொதலாளி என்றான் பையன். "அது உனக்குத் தெரியும் தம்பி. எனக்கு எப்படித் தெரியும்?" ராத்திரி கடையைப் பூட்டும்போது இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற மனிதர்.

பையன் மூடும் விண்ணப்பத்தைப் பிடித்து ஒரு பெட்டி வைத்தான். 'கணக்கு எழுதியாயிற்று. மூடலாமா?' ஆம், இல்லை. ஆம் என்றால் ஜன்னலை அழிக்கும் ஒரு வரி. இல்லை என்பதற்கு அவன் ஒன்றும் எழுதவில்லை, எழுதவும் தேவையில்லை. சின்ன மொதலாளிக்குப் பரம திருப்தி. "இப்பத்தான் கம்ப்யூட்டர் மாதிரி இருக்கு" என்றார். முதல் நாள் வாய்விட்டுப் படித்தார், அதற்கப்புறம் பெட்டி முழுதாக வருவதற்குள் எண்டர் தட்டிவிடுகிறார். 'இல்லை' பொத்தானை இதுவரை யாரும் அமுக்கியதாகத் தகவல் இல்லை.