இடதுகாலின் நோக்குகூலி: திருவனந்தபுரத்துக் கியர் பெட்டிகள் குறித்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

திருவனந்தபுரத்தைப் பற்றி எழுதியவர்கள் பத்மநாப சுவாமியைப் பற்றி எழுதினார்கள். கோயிலின் நிலவறைகளைப் பற்றி எழுதினார்கள். சாலைத் தெருவை ஆ. மாதவன் கதை கதையாக எழுதி வைத்தார். இந்த ஊரில் கார் ஓட்டுகிறவனின் இடதுகாலைப் பற்றி மட்டும் ஒருவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்க எழுந்ததே இவ்வாய்வு.

ஆய்வுக்களம்: கரமனை முதல் பாளையம் வரை. கருவிகள்: பதினோரு வருடம் ஓட்டிய ஒரு மேனுவல் கார், எட்டு மாதமாக ஓட்டும் ஓர் ஆட்டோமேட்டிக் கார். தரவு: ஒரு முழங்கால். 'ஒரே முழங்காலை வைத்துக்கொண்டு ஆய்வா?' என்று நெறியாளர் (இல்லத்தரசி) ஆட்சேபித்தார். வலிக்கிற முழங்கால் ஒன்றே போதும் என்று பணிவுடன் பதிலளிக்கப்பட்டது.

2. இலக்கண வகைப்பாடு

கியர் பெட்டிகளைப் பொறியாளர்கள் பல் சக்கரங்களைக் கொண்டு வகைப்படுத்துவர். அது மேலோட்டமான பார்வை. வினைச்சொல்லைக் கொண்டு வகைப்படுத்துவதே தமிழ் மரபு.

'கியரை மாற்றினேன்' என்பது பிறவினை. இது மேனுவல். எழுவாய் 'நான்' என்பதால் பெருமையும் நமக்கு. நடு ஏற்றத்தில் வண்டி ஆஃப் ஆனால் பின்னால் வருகிறவர்களின் வசையும் நமக்கு.

'கியர் மாறியது' என்பது தன்வினை. இது ஆட்டோமேட்டிக். டார்க் கன்வர்ட்டரில் எண்ணெய் சுழன்று விசையைக் கடத்துகிறது, சி.வி.டி.யில் இரண்டு கப்பிகளுக்கு இடையே ஒரு பட்டை நழுவி நழுவி விகிதத்தை மாற்றுகிறது. எதிலும் நமக்குப் பங்கில்லை.

'கியர் மாற்றப்பட்டது' என்பது செயப்பாட்டுவினை. இதுவே ஏ.எம்.டி. உள்ளே இருப்பது அதே பழைய மேனுவல் பெட்டி, அதே கிளட்ச் தட்டு. மிதிக்கும் காலுக்குப் பதிலாக ஒரு கருவியை ஒப்பந்தத்தில் அமர்த்தியிருக்கிறார்கள். யாரால் மாற்றப்பட்டது என்பது தொக்கி நிற்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பயணிகள் அனைவரும் ஒருசேரத் தலையை ஆட்டி அதை ஆமோதிப்பர்.

'மாறு!' என்பது ஏவல். ஸ்டியரிங்கின் பின்னால் காது மடல்போல நிற்கும் பேடில்கள் இவ்வகை. வலப்பக்கம் கூட்டல் குறி, இடப்பக்கம் கழித்தல் குறி. ஆனால், ஓடுகிற வேகத்துக்குப் பொருந்தாத கியரைக் கேட்டால் கணினி காது கேளாததுபோல் இருந்துவிடுகிறது. எனவே இதை 'மாறுக' என்ற வியங்கோளில் சேர்ப்பதே முறை. ஆணை போலத் தோன்றும் விண்ணப்பம் அது.

3. வரலாற்றுப் பின்புலம்

1939-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் ஹைட்ராமேட்டிக் என்ற தானியங்கிப் பெட்டியை அறிவித்தபோது, உலகின் இடதுகால்களுக்கு முதல் நோட்டீஸ் வந்தது. நம் ஊர்க் கால்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. 2014-இல் செலேரியோ ஏ.எம்.டி.யைக் கொண்டுவந்து மாருதி சிறிய கார்க்காரர்களுக்கும் இந்த வசதியைக் கைக்கெட்டச் செய்தது. அதே 2014-இல்தான் அம்பாசிடரின் தயாரிப்பும் நின்றது. இதைத் தற்செயல் என்பவர்கள் ஆய்வுக்குத் தகுதியற்றவர்கள்.

பழைய அம்பாசிடரில் கியர் கம்பி ஸ்டியரிங்கின் பக்கத்திலேயே நீட்டிக்கொண்டிருந்தது. பிறகு அது தரைக்கு இறங்கியது. 1989-இல் ஜான் பர்னார்ட் வடிவமைத்த ஃபெராரி 640 பந்தயக் காரில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் பேடில்கள் வந்தன. அந்த வண்டி தன் முதல் பந்தயத்தையே, பிரேசிலில், நைஜல் மான்செல் ஓட்ட, வென்றது. ஆக, ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கியர் ஸ்டியரிங்குக்கே திரும்பியிருக்கிறது. அம்பாசிடர் டாக்சிக்காரர்கள் இதற்கு உரிமை கோராதது அவர்களின் பெருந்தன்மை.

4. கள ஆய்வு: ஸ்டாச்சு ஏற்றம்

ஏழு குன்றுகளின் ஊர் என்று சொல்வார்கள். நடந்து போனால் அழகு. கிளட்ச் மிதித்துப் போனால் ஏழும் தனித்தனியாகத் தெரியும். ஓவர்பிரிட்ஜிலிருந்து எம்.ஜி. ரோட்டில் ஏறி ஸ்டாச்சு வரும்போது செக்ரட்டேரியட் வாசலில் ஏதேனும் ஒரு ஜாதா நிற்கும். கொடியின் நிறம் மாறும். நாம் நிற்பது மாறாது.

அங்கே மேனுவல்காரனின் காலைப் பாருங்கள். பெருவிரல் மட்டும் கிளட்சில் ஊன்றி நிற்கிறது, குதிகால் அந்தரத்தில். கிளட்சை அரை அங்குலம் விட்டால் வண்டியின் மூக்கு தூக்கும். அரை அங்குலம் மிதித்தால் வண்டி பின்னால் நிற்கும் ஆட்டோவைக் குசலம் விசாரிக்கப் போகும். சற்று நேரத்தில் கருகல் வாசனை வரும். ஹாஃப் கிளட்ச் எனப்படும் இந்த நிலையை எனக்குப் போதித்த டிரைவிங் ஸ்கூல் ஆசான், மைதானத்தில் கம்பிகளுக்கு நடுவே 'எச்' எடுக்கவைத்தபோது சொன்னது ஒன்றுதான்: "காலை நோக்கண்டா சாரே, சப்தம் கேளு." மண்ணிலும் எச், கியர் குமிழின் மேலும் எச். பதினோரு வருடம் அந்த ஓர் எழுத்தைக் காதால் படித்தேன்.

ஆட்டோமேட்டிக் வாங்கிய முதல் வாரம் அதே இடம். ஜாதாவைக் கண்டதும் இடதுகால் பழக்க தோஷத்தில் பாய்ந்து கிளட்சை மிதித்தது. கிளட்ச் இருந்தால்தானே? அகலமான பிரேக்கின் இடது ஓரத்தில் பலமாக விழுந்தது. வண்டி ஆணியடித்தாற்போல் நின்றது. நெறியாளரின் மடியிலிருந்த சாலைக் கடைத் தக்காளி முழுவதும் டாஷ்போர்டின் கீழே. பின்னால் வந்த ஸ்கூட்டர்க்காரர் இறங்கி வந்து, கண்ணாடி வழியே என்னையல்ல, என் காலைப் பார்த்துவிட்டுப் போனார்.

5. கருதுகோள்

கேரளத்தில் நோக்குகூலி என்றொரு வழக்கம் இருந்தது. சுமையை இயந்திரமோ வேறு ஆளோ இறக்கினாலும், பக்கத்தில் நின்று பார்த்த சுமைத்தொழிலாளிக்குக் கூலி உண்டு. 2018 மே தினத்தன்று அரசு அதை ஒழித்தது. ஒழிந்தது லாரியடியில்தான்; காருக்குள் அது தழைத்து நிற்கிறது என்பதே இவ்வாய்வின் கண்டுபிடிப்பு. பிரேக்குக்கு இடப்பக்கம் கால் வைக்க ஒரு சாய்வு மேடை போட்டு, மிதியடி விரித்து, குளிர்காற்று கொடுத்து, இடதுகாலைச் சும்மா உட்காரவைத்திருக்கிறோம். ஆட்டோமேட்டிக்குக்கென்று கூடுதலாகக் கொடுத்த பணம் அந்தக் காலின் கூலியன்றி வேறென்ன?

பேடில்களும் அதே சங்கத்தைச் சேர்ந்தவை. கரமனைக்கும் பாளையத்துக்கும் நடுவே அவற்றுக்கு ஒரு நாளும் வேலை வந்ததில்லை. ஒரே ஒருமுறை, பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கும்போது, இடப்பக்கக் கழித்தலைத் தட்டித் தட்டிக் கியரைக் குறைத்தேன். எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுத்தது, பிரேக் சூடேறவில்லை. இரண்டாம் கியரில் அந்த உறுமலைக் கேட்டபோது ஆசானின் குரல் நினைவுக்கு வந்தது. காதுக்கு மறுபடி வேலை கிடைத்த நாள் அது. கால் வேடிக்கை பார்த்தது.

6. முடிவுரை

முழங்கால் உள்ளவர்களுக்கு ஆட்டோமேட்டிக்; காது உள்ளவர்களுக்கு மேனுவல்; இரண்டும் இருந்து மலைக்கும் போகிறவர்களுக்குப் பேடில் எனப் பரிந்துரைத்து ஆய்வை முடித்திருந்தேன். கார் சர்வீசுக்குப் போன அன்று, சிட்டி சர்க்குலர் மின்சார பஸ்ஸில் முன் இருக்கை வாய்த்தது. கிளட்ச் இல்லை, கியர் கம்பி இல்லை. டிரைவரின் இடதுகால் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓரமாக நீட்டி இருந்தது.

"சேட்டா, இடதுகாலுக்கு இப்போ நோக்குகூலிதானே?" என்றேன், கருதுகோளைச் சரிபார்க்கும் பொருட்டு.

அவர் காலைக் குனிந்து பார்த்தார். "ஏய், இருபத்தஞ்சு வருஷம் சவிட்டியதல்லே சாரே," என்றார். "அதினு பென்ஷனாணு."

தலைப்பை மாற்ற வேண்டும் என்று நெறியாளர் கருதுகிறார். பரிசீலனையில் இருக்கிறது.