ராணியைக் கொடுத்துப் பொழைச்ச கதை

வாடா அப்பு. மொகரையப் பாத்தாலே தெரியுது, தஞ்சாவூர் செஸ் போட்டியில நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டுத்தான் பஸ் ஏறியிருக்கே. எதுக்க உக்காந்தவனுக்கு ரேட்டிங் 1800ஆ? ரேட்டிங்கா வந்து காய நகத்துச்சு? அந்த நம்பரப் பாத்த ஒடனே பாதி நீயே தோத்துட்டே. மிச்சத்துக்குத்தான் அவன் ஆடியிருக்கான்.

கந்தர்வக்கோட்டைக்காரனுக்குக் கொஞ்சமாவது சூதுவாது வேணாமா? அவன் நெட்டுரு போட்டுட்டு வந்தத ஒப்பிக்க விடாதே. 1980ல ஸ்வீடன்ல ஒரு ஆட்டம் நடந்துச்சு. கார்ப்போவ் அப்ப உலக சாம்பியன். அவரு ராஜாவுக்கு முன்னால நின்ன சிப்பாய ரெண்டு கட்டம் தள்ளுனாரு. எதுக்க இருந்த டோனி மைல்ஸ், மொத நகத்தலுக்கே ஓரத்துச் சிப்பாயப் புடிச்சு ஒரு கட்டம் தள்ளுனாரு. கத்துக்குட்டிகூட அப்படி ஆடமாட்டான். கடைசியில ஜெயிச்சது மைல்ஸ்தான். அதுக்காக நீயும் அதையே ஆடித் தோத்துட்டு எம்மேல பழியப் போடாதே. அவரு கிராண்ட்மாஸ்டர், நீ எட்டாங்கிளாஸ்.

தோக்கப்போறேன்னு தெரிஞ்சதும் கைய நீட்டிக் குலுக்கிட்டு வந்துர்றே பாரு, அங்கதான்டா எனக்கு வயிறு எரியுது. கெடக்கிற காயப் பாத்துத் திருட்டு வேலை ஏதும் இருக்கான்னு தேடு. அமெரிக்காவுல 1963-64 தேசியப் போட்டியில லாரி இவான்ஸுன்னு ஒருத்தரு ரெஷெவ்ஸ்கிகிட்டத் தோக்குற நெலைமையில இருந்தாரு. ராஜா மூலையில, சிப்பாயெல்லாம் முட்டிக்கிட்டு நிக்குது, ஒண்ணும் நகராது. மெதுவா ஒரு சிப்பாயத் தூண்டில்ல மாட்டித் தொங்கவிட்டாரு. ரெஷெவ்ஸ்கி சின்ன வயசுலயே உலகத்தக் கலக்குன ஆளு. அவரே ஆதனக்கோட்டை ரோட்டுல பச்சை முந்திரிக்கொட்டையக் கடிச்சு உதடு வெந்த பய மாதிரி லபக்குன்னு எடுத்துட்டாரு. ஒடனே இவான்ஸ் ராணியக் கொண்டுபோய் எதிரி ராஜா பக்கத்துலயே வெச்சு செக்குன்னாரு. வெட்டித்தான் ஆகணும். வெட்டுனதும் யானையக் கொண்டாந்து செக்கு. இப்ப யானையையும் வெட்டுனா இவான்ஸுக்கு நகத்த ஒரு காயும் இல்ல, ராஜாவுக்குச் செக்கும் இல்ல; ஆட்டம் டிரா. வெட்டாம ஓடுனா யானை விடாமத் தொரத்திச் செக்கு குடுக்கும். எப்படிப் பாத்தாலும் அரைப் புள்ளி!

அப்புறம் நம்ம சென்னைப் பய குகேஷ். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர்ல உலகப் பட்டப் போட்டி, பதினாலாவது ஆட்டம், அதுதான் கடைசி. கையில ஒரு சிப்பாய் கூடுதலா இருந்துச்சு, அவ்வளவுதான். பாத்தவனெல்லாம் டிரான்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். இவன் எந்திரிக்கல, நோண்டிக்கிட்டே இருந்தான். அம்பத்தஞ்சாவது நகத்தல்ல எதுக்க இருந்த டிங் லிரென் யானைய மாத்திக்கலாம்னு நீட்டுனாரு. அவரு மந்திரி மூலையில மாட்டிக் கெடந்தத மறந்துட்டாரு. குகேஷ் யானைய மாத்துனான், அடுத்து மந்திரியையும் மாத்த வெச்சான். சிப்பாய்ச் சண்டையில உலகப் பட்டம் கைக்கு வந்துருச்சு, பதினெட்டு வயசுல.

நீ சிப்பாய் கம்மியா இருக்கும்போது என்ன பண்றே? பயந்துக்கிட்டு யானைய மாத்துறே. சிப்பாய மாத்துடா, யானைய வெச்சுக்க. பலகையில சிப்பாய் கொறையக் கொறைய ஜெயிக்கிறது அவனுக்குத்தான் கஷ்டம்.

இன்னொரு வித்தையும் இருக்கு, பெரிய போட்டியில நடுவர்கிட்டச் செல்லாது. 1497லயே ஸ்பெயின்ல லூசேனாங்கிறவரு புத்தகத்துல எழுதி வெச்சிருக்காரு: எதிராளி கண்ணுல வெளிச்சம் அடிக்கிற மாதிரி பலகையப் போடுன்னு. மணி நாலரை ஆச்சு, பலகையக் கொண்டா. நீ கிழக்கால உக்காந்து மேற்க பாத்து ஆடு, அப்பு. எனக்கு மேற்குப் பக்கந்தான் தோது.