குச்சியும் பார்லிமென்ட்டும்

பன்னிரண்டாம் நூற்றாண்டு இங்கிலாந்து. ராஜாவின் கஜானாவுக்கு ஒரே கவலை: வரி கட்ட வரும் ஷெரீஃப் ரசீதைத் திருத்திவிட்டால்? ரோமன் எண்ணில் ஒன்றை இரண்டாக்க ஒரே ஒரு கோடு போதும். பேனாவை நம்பாமல் அவர்கள் நம்பியது... குச்சியை!

சிரிக்காதீர்கள். முன்பெல்லாம் கதவுக்குப் பின்னால் பால் கணக்குக்குக் கரிக்கோடு போட்டோமே, அதே ரகம்தான். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அளவு வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு முற்றிய பார்லி மணி. பிறகு ஹேசல் மரக்குச்சியை நீளவாக்கில் பிளந்து பாதி உனக்கு, பாதி எனக்கு. ஷெரீஃப் தன் பாதியில் திருட்டுத்தனமாக ஒரு வெட்டு சேர்த்தால், சேர்த்துவைத்ததுமே அசடு வழியும். அந்தக் காலத்து ஓ.டி.பி.!

இதையெல்லாம் விளக்கிக் கஜானாவுக்கு ஒரு கையேடே எழுதினார், பொக்கிஷதாரர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல். நேர்மையான கணக்குக்கு அப்படியொரு வக்காலத்து. ஈலி மடத்து ஏட்டைப் புரட்டினால்தான் தெரிகிறது, அந்த நாற்காலியை அவருக்குக் காசு கொடுத்து வாங்கித் தந்ததே அவருடைய அப்பா. அப்பாவும் சாதாரண ஆளில்லை, பிஷப்!

அறுநூறு வருஷம் ஓடியது. பேங்க் ஆஃப் இங்கிலாந்து வந்தது, நோட்டு வந்தது, குச்சி மட்டும் போகவில்லை. 1782-ல் பார்லிமென்ட் 'குச்சி ஒழிக' என்று சட்டம் போட்டது. சின்னதாக ஒரு கண்டிஷன்: அந்த வேலையில் இருப்பவர்கள் சாகட்டும், அல்லது தாமாக விலகட்டும். சும்மா வரும் சம்பளத்தை விட்டுச் சாக யாருக்கு அவசரம்? 1826 வரை இழுத்தார்கள்!

மிஞ்சிய குச்சிகளை என்ன செய்வது? ஏழைகளுக்கு விறகாகக் கொடுத்திருக்கலாமே என்று பின்னாளில் நாவலாசிரியர் டிக்கன்ஸ் தலையிலடித்துக்கொண்டார். அரசாங்கச் சொத்தாயிற்றே, கொடுப்பார்களா? 1834 அக்டோபர் 16 அன்று இரண்டு வண்டிக் குச்சிகளை பிரபுக்கள் சபைக்கு அடியிலிருந்த உலைகளிலேயே திணித்தார்கள். நூற்றாண்டுக் கணக்கில் காய்ந்த விறகு!

மாலை நாலு மணிக்குச் சபையைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு பூட்ஸைத் தாண்டிப் பாதம் சுட்டது. புகையில் சுவர்த்திரையே தெரியவில்லை. சுற்றிக் காட்டிய அம்மாள் ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். டியூட்டி முடிந்ததே! ஆறு மணிக்கெல்லாம் தீ. இரண்டு சபைகளும் காலி. ஓவியர் டர்னருக்கு மட்டும் அருமையான இரண்டு படங்கள் கிடைத்தன.

அப்புறமென்ன, விசாரணைதான். சதியா, நாசவேலையா என்று வாரக்கணக்கில் துருவினார்கள். ஒரு மோசடியும் அகப்படவில்லை. வெறும் அஜாக்கிரதை.