விளம்பர நிமிடம்: ஒரு நீட்டலளவை ஆராய்ச்சி

விரற்கடை, சாண், முழம், கூப்பிடு, காதம் என்று தமிழரின் நீட்டலளவைகளைப் பற்றி அறிஞர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையின் இருமருங்கிலும் இன்றைக்கு வழங்கிவரும் ‘நிமிடம்’ என்ற அலகை மட்டும் யாரும் சீந்தவில்லை. ‘தாம்பரத்திலிருந்து 15 நிமிடம்’, ‘ரயில் நிலையத்திலிருந்து 5 நிமிடம்’ என்று மனை விற்பனைப் பலகைகளில் காணப்படும் இந்த நிமிடத்துக்கும் கைக்கடிகாரத்தில் ஓடும் நிமிடத்துக்கும் பெயர்ப் பொருத்தம் தவிர வேறு பொருத்தம் கிடையாது. இரண்டும் ஒன்றென்று நம்பி இருபது வருடக் கடனில் கையெழுத்துப் போட்டவர்கள் பெருங்களத்தூர் முதல் செங்கல்பட்டு வரை பரவிக் கிடப்பதால், இந்த ஆராய்ச்சி தேவைப்படுகிறது.

முதலில் முன்னோர் கருத்து. இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்க்கெட்டி 1994இல் எழுதிய கட்டுரையில் ஒரு மாறிலியைப் பிரபலமாக்கினார். எந்தக் காலத்து மனிதனும் போகவரச் செலவிடுவது நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தானாம். நடந்தே திரிந்த காலத்து நகரங்கள் மையத்திலிருந்து இரண்டரை கிலோமீட்டரோடு நின்றுகொண்டதற்கு அதுவே காரணமாம். வண்டியின் வேகம் கூடினால் நகரம் வீங்கும். மிச்சமான நேரத்தை யாரும் வீட்டுத் திண்ணையில் கழிப்பதில்லை. இதற்குச் சென்னையும் சாட்சி சொல்லும். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு நகரம் அந்தத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே தெற்கே நடந்தது. சுமார் 30 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மார்க்கெட்டி ‘போகவர’ என்று சொன்னதைத்தான் நம்மவர்கள் ‘போக ஒன்று, வர ஒன்று’ என்று உரை எழுதிக்கொண்டார்கள். செங்கல்பட்டுக்காரர்கள் அந்த உரைக்கும் விளக்கவுரை எழுதிவிட்டார்கள்.

அடுத்து வில்லியம் அலோன்சோ. நகர மையத்தை விட்டு விலக விலக மனை விலை இறங்கும், பயணச் செலவு ஏறும், இரண்டும் சரிக்கட்டும் இடத்தில் குடும்பம் குடியேறும் என்பது 1964இல் வந்த அவர் புத்தகத்தின் சாரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் கணக்கில் வேலையெல்லாம் ஒரே மையத்தில் இருக்கிறது. நம் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணவருக்கு ஆபீஸ் கிண்டி, மனைவிக்குச் சிறுசேரி, பையனுக்குப் பள்ளிக்கூடம் வேளச்சேரி. யார் மனமும் கோணாதபடி மூன்றுக்கும் நடுப்புள்ளியை வரைபடத்தில் குறித்தால் அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் போய் விழுகிறது. 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற நிலம் அது. அந்த முகவரியில் பூநாரைகள் ஏற்கெனவே வந்துபோகின்றன. பத்திரப்பதிவு இல்லாமல், இ.எம்.ஐ. இல்லாமல்.

தூரத்தைக் கண்டுபிடிக்க வரைபடமே வேண்டாம், விலை சொல்லும் அலகே போதும் என்பது இந்த ஆராய்ச்சியின் முதல் கண்டுபிடிப்பு. ‘சதுர அடி இவ்வளவு’ என்று மட்டுமே பேசினால் நகரத்துக்குள் இருக்கிறீர்கள். ‘அரை கிரவுண்டு’ என்று பேச்சு மாறினால், அதாவது 1,200 சதுர அடி, ரயிலில் உட்கார இடம் தேடும் தூரம். ‘சென்ட்’ என்று ஆரம்பித்தால், ஒரு சென்ட் 435.6 சதுர அடி, டிபன் பாக்ஸோடு ராத்திரிச் சாப்பாட்டையும் எடுத்துப் போகிற தூரம். ‘ஏக்கர்’ என்றால் அங்கேயே விவசாயம் பார்ப்பது உத்தமம்.

இனி விளம்பர நிமிடத்தின் இயல்புகள். அது ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஏ.சி. வேனில், காலி ரோட்டில் அளக்கப்படுவது. திங்கட்கிழமை எட்டரை மணிக்கு அந்த அலகு செல்லாது. அதைவிடச் சூட்சுமம், அது எங்கிருந்து அளக்கப்படுகிறது என்பது. ‘தாம்பரத்திலிருந்து’ என்கிறார்கள், தாம்பரத்தில் யாருக்கு வேலை? வீட்டுக் கதவைப் பூட்டுவது, ஸ்டாண்டில் வண்டி போட்டு டோக்கன் வாங்குவது, நடைமேம்பாலம் ஏறி இறங்குவது, கூட்டத்தைப் பார்த்து ஒரு வண்டியை விட்டுவிடுவது, கிண்டியில் இறங்கி ஷேர் ஆட்டோவுக்கு நிற்பது, இவையெல்லாம் கணக்கில் சேராத உபரி நிமிடங்கள்.

விளம்பர இலக்கணத்தில் காலமும் நான்கு: இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம், ‘வரவிருக்கும்’ காலம். நான்காவதற்கு வேளச்சேரி நல்ல உதாரணம். 2007இல் அங்கே வந்து சேர்ந்த பறக்கும் ரயில், இன்னும் ஐந்து கிலோமீட்டர் தாண்டிப் பரங்கிமலையைத் தொட வேண்டியிருந்தது. நில எடுப்பு வழக்கில் சிக்கி 15 வருடத்துக்கு மேல் அது நின்ற இடத்திலேயே நின்றது. அதை நம்பி ஆதம்பாக்கத்தில் வீடு வாங்கியவரின் எல்.கே.ஜி. குழந்தை கல்லூரிக்கே போயிருக்கும்.

நாம் நகராவிட்டாலும் மையம் நகர்ந்துவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2002இல் திறந்த கோயம்பேடு பஸ் நிலையத்துக்குப் பக்கம் என்று பார்த்துப் பார்த்து வாங்கினார்கள் சிலர். ஊருக்குப் போக வேண்டுமென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்விடலாம். 2023 டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கத்தில் புது நிலையம் திறந்தது. தென் மாவட்ட பஸ்கள் அங்கே இடம் மாறின. பக்கத்து ஊரப்பாக்கத்துக்காரர்கள் சிரித்துக்கொண்டார்கள்.

தப்பாக வாங்கிவிட்டால் விற்றுவிட்டு வேறு வாங்கலாமே என்பவர்கள் பத்திரச் செலவை மறந்தவர்கள். 2023 முதல் மனைக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். மனம் மாறும் ஒவ்வொரு முறையும் கட்ட வேண்டிய அபராதம் இது.

தண்ணீர் விஷயத்தில் ஊர்ப் பெயர்கள் ஒளிவுமறைவில்லாதவை. தாங்கல் என்றால் சிற்றேரி. அதைப் பெயரிலேயே சுமந்துகொண்டு பழவந்தாங்கல் நிற்கிறது. காட்டாங்கொளத்தூருக்குள் குளம் கிடக்கிறது. தியாகராய நகரோ 1920களில் மாம்பலம் ஏரியை வற்றவைத்து அதன் மேல் எழுந்தது. பெயரிலிருந்து ஏரியையும் கழற்றிவிட்டார்கள். பெயரை நம்பாதவர்கள் சுவரை நம்பலாம். 2015 டிசம்பரில் அடையாறு புகுந்த முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம், வெள்ளம் வடிந்த பின் சுவர்களில் ஒரு கோடு நின்றது. அதன் மேல் எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் ஈரக்காலத்தில் இடுப்பு உயரத்தில் பழுப்பாக எட்டிப் பார்க்கும். வில்லங்கச் சான்றில் ஏறாத வில்லங்கம் அது.

கோட்பாடு போதும், களஆய்வுக்கு வருவோம். கூடுவாஞ்சேரிக்கு அப்பால் ஒரு மனைப்பிரிவு. மஞ்சள் அடித்த எல்லைக் கற்கள், ஷாமியானா, எலுமிச்சைச் சாதப் பொட்டலம். மேற்படி கிண்டி–சிறுசேரிக் குடும்பம் வேனிலிருந்து இறங்கியது. கூடவே கணவரின் அம்மாவும்.

“ஸ்டேஷன் அஞ்சே நிமிஷம் சார். அதோ தெரியுது பாருங்க.”

“எனக்குத் தெரியலையே தம்பி,” என்றார் அம்மா. கேடராக்ட் ஆபரேஷன் செய்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, பார்வையில் குறையில்லை. “நடந்து பாத்துட்டா போச்சு.”

“வெயில்ல எதுக்கும்மா? வேன்லயே விட்டுடறேன்.”

“வேன் நாளைக்கும் வருமா?”

அவர் முன்னால் நடக்க, குடும்பம் பின்னால் நடந்தது. கடைசியில் வேன், மாட்டு வண்டி வேகத்தில், ஏ.சி. ஓடியபடியே ஊர்ந்து வந்தது. ஸ்டேஷன் படியில் கால் வைத்தபோது மருமகள் செல்போனில் மணி பார்த்தார். 38 நிமிடம். ஆக ஒரு விளம்பர நிமிடம் என்பது ஏழரை நிமிடத்துக்குச் சற்றே கூடுதல். இந்த ஏழரை தற்செயலா என்பதைச் சோதிட அறிஞர்கள் தனியே ஆராய வேண்டும்.

பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார்கள். விற்பனையாளர் மெதுவாக வந்து, “டோக்கன் அட்வான்ஸா ஒரு பத்தாயிரமாச்சும் போட்டுட்டீங்கன்னா கார்னர் பிளாட்டை நிறுத்தி வெச்சுடுவேன்,” என்றார்.

“அது இருக்கட்டும் தம்பி. போர் போட்டா நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?”

அவர் வாய் திறப்பதற்குள் கடற்கரை போகும் வண்டி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையிலும் கூட்டம். அம்மாவுக்கு மட்டும் இடம் கிடைத்தது.