பெகோனியாக் கிழங்கைச் சும்மா விடுதல்: ஓர் ஆய்வு

அக்டோபர் முடிவில் இங்கிலாந்தின் வீட்டுத் தோட்டக்காரர் மனத்தில் தவறாமல் எழும் வினா ஒன்று உண்டு. பெகோனியாக் கிழங்கு குளிர்காலத்தை எங்கே கழிக்க வேண்டும்? உறைபனி படாத, ஈரமில்லாத, இருண்ட ஓரிடத்தில் என்று ஒரே வரியில் விடை சொல்லிவிடலாம். ஆய்வு நீள வேண்டியிருப்பதற்கு அதுவே முதற்காரணம்.

கிழங்கின் குலவரலாறு ஆண்டிஸ் மலையில் தொடங்குகிறது. 1860களில் ரிச்சர்ட் பியர்ஸ் என்பவர் அங்கே காட்டுப் பெகோனியாக்களைச் சேகரித்து, லண்டன் வீச் நாற்றுப்பண்ணைக்கு அனுப்பினார். அப்பண்ணையின் ஜான் செடன் கலப்பினங்களை உருவாக்கினார். பகற்பொழுது குறுகினால் இலையை உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் உறங்கும் வழக்கம் பெகோனியாவுக்கு அம்மலையிலேயே உண்டு. ஆகவே உறங்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. உறைந்து போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தோண்டி எடுத்த கிழங்கு, நடுவில் கட்டைவிரலால் அழுத்திய அதிரசம் போலிருக்கும். அடிப்பக்கம் உருண்டை, அதில் முடி முடியாய் வேர். மேற்பக்கம் குழி, அதில் காய்ந்த தண்டு. இத்தண்டு தானாகக் கழன்று விழ ஓரிரு வாரம் ஆகும். அதுவரை பொறுக்காமல் பிடுங்குவோர் உளர். பிடுங்கிய இடம் புண்ணாகும். புண் வழியே அழுகல் புகும். கந்தகத்தூள் தூவினால் தீருமே எனின், பிடுங்காதிருந்தால் தூவவே வேண்டாம் என்க.

எதில் புதைத்து வைப்பது என்பதில் அறிஞரிடையே ஒற்றுமை இல்லை. உலர்ந்த பீட் என்பார் ஒரு சாரார். மரத்தூள் என்பார் மற்றொரு சாரார். வெர்மிகுலைட் என்போர் சற்று வசதியானவர்கள். செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டு மறந்துபோகும் நான்காம் சாரார் இவ்விவாதத்தில் கலந்துகொள்வதே இல்லை. அவர்கள் கிழங்கும் பிழைத்துக்கொள்கிறது. டாலியாக் கிழங்கு வைத்திருப்போரின் கருத்து இங்கே கேட்கப்படவில்லை. அவர்கள் வேறு கட்சி.

இனி இடம். வேண்டிய வெப்பம் ஏறத்தாழ 5 முதல் 10 டிகிரி செல்சியஸ். கார் கொட்டகையில் வைத்தால் கடுங்குளிர் இரவில் உறையும், எலியும் வரும். சமையலறையில் வைத்தால் ஜனவரியிலேயே வசந்தம் வந்துவிட்டதாக எண்ணி முளைவிடும். குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டு பொருத்தமானதே. ஆனால் அது இல்லத்து அதிகார எல்லைக்குள் வருவதால் பேச்சுவார்த்தை தேவைப்படும். எஞ்சுவது விருந்தினர் அறை. ஹீட்டரை அணைத்துவிட்டால் அங்கே எல்லாம் கச்சிதம். விருந்தினர் வந்தால் ஹீட்டரைப் போட வேண்டியிருக்கும் என்பதால், விருந்தினரை மார்ச்சுக்கு ஒத்திவைப்பதே முறை.

இத்தனைக்குப் பிறகும் கிழங்கு சாகிறது. குளிர் கொன்றது போக மிச்சத்தைக் கொல்வது அக்கறை என்பதே இவ்வாய்வின் துணிபு. தூசு படுமே என்று பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டுவார்கள். உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பூக்கும். தாகமாயிருக்குமோ என்று ஒரு கை நீர் தெளிப்பார்கள். மாதம் ஒருமுறை திறந்து, அழுகியதை மட்டும் எடுத்தெறிவது நியாயம். வாராவாரம் எடுத்து அழுத்திப் பார்ப்பது சித்திரவதை. சும்மா இருப்பதன் சுகத்தைத் தாயுமானவர் பாடினார். கிழங்குக்கு அது பிறவியிலேயே வாய்த்திருக்கிறது. வைத்திருப்பவருக்குத்தான் வாய்க்கவில்லை.

பிப்ரவரி, மார்ச்சில் தட்டில் மண் பரப்பி, குழி மேல்நோக்கி இருக்கும்படி கிழங்கை அமர்த்த வேண்டும். முளை வருவது அக்குழியிலிருந்துதான். நீர் தேங்கி அழுகல் தொடங்குவதும் அதே குழியில்தான். சுற்றியுள்ள மண்ணில் மட்டும் ஊற்றுக என்று எத்தனை முறை சொன்னாலும், ஐந்து மாதம் அடக்கி வைத்த கை, பூவாளியைத் தூக்கியதும் நேரே அந்தக் குழிக்குத்தான் போகிறது.